தேன்மிட்டாயில் தேன் எங்கே? அம்பத்தூர் பிள்ளைகளுக்கு ஒரு வாசனைப் பாடம்

 

போன ஞாயிற்றுக்கிழமை தொடங்கி நம் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் கூத்தை நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். டீச்சர் பதில் போடவில்லை என்றால் டீச்சர் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம் இல்லை! ஒருத்தன் தேன்மிட்டாய் படம் போட்டான். உடனே கமர்கட், எலந்தவடை, ஜவ்வுமிட்டாய் என்று ஒரு பெட்டிக்கடையையே கொண்டுவந்து இறக்கிவிட்டீர்கள். அப்புறம் பேகி பேண்ட் போட்டோ. "இந்த ஒரு பேண்ட்டை வெட்டினா என் பையனுக்கு மூணு பேண்ட் தைக்கலாம்" என்று ஒரு கமெண்ட். அப்புறம் பவுடர், சென்ட். யார் எந்த வாசனையோடு வகுப்புக்கு வருவார்கள் என்று பட்டியலே போட்டாகிவிட்டது. என் அண்ணன் மகள் சும்மா இருப்பாளா? "அத்தை பீரோவைத் திறந்தாலே குட்டிகூரா வாசனைதான்" என்று என்னையும் இழுத்துவிட்டாள்.

நன்றாகச் சிரித்தேன். ஆனால் ஆசிரியர் பயிற்சி முடித்து 1981இல் சாக்பீஸ் பிடித்த கை, ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆனாலும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நீங்கள் வேடிக்கையாகப் பேசிய ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பாதி நம் அம்பத்தூரைச் சுற்றியே நடந்தது. உங்கள் அப்பா அம்மாக்களே அதில் ஆட்களாக இருந்தார்கள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளம்தான். மூன்று பீரியட் இருக்கிறது. ஆபீஸில் இருப்பவர்கள் சேமித்து வைத்து ராத்திரி படியுங்கள்.

முதல் பீரியட்: தின்பண்டம்

தேன்மிட்டாயில் தேன் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்க்கலாம். அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்து, கலர் சேர்த்து, எண்ணெயில் பொரித்து, சர்க்கரைப் பாகில் ஊறவிட்டால் தேன்மிட்டாய். ஜாங்கிரியின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லி மிட்டாயில் பல்லி இல்லை. எலந்தவடை வடையே இல்லை. இலந்தைப் பழத்தை வெல்லம், புளி, மிளகாய், உப்பு சேர்த்து இடித்து, தட்டி, வெயிலில் காயவைத்தது. கமர்கட் என்பது வெல்லப்பாகும் தேங்காயும். இவை எதற்கும் பெரிய மெஷின் வேண்டாம். ஒரு அடுப்பு, ஒரு உரல், இரண்டு கை போதும். அதனால்தான் ஒரு வீட்டுத் திண்ணையில் செய்து அடுத்த தெருப் பெட்டிக்கடையில் விற்க முடிந்தது.

இன்னொன்று, காசு. இந்த மிட்டாய்களின் அளவை முடிவு செய்தது நம் நாக்கு இல்லை, நம் சில்லறைக் காசு. 1957 ஏப்ரல் 1ஆம் தேதிதான் ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு போய் 100 நயா பைசா என்ற கணக்கு வந்தது. 1964இல் "நயா" என்ற சொல்லை எடுத்துவிட்டு வெறும் பைசா ஆக்கினார்கள். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த காலம் அது. அறுகோணத்தில் மூணு பைசா, சதுரத்தில் அஞ்சு பைசா, ஓரம் வளைந்து வளைந்து பத்துப் பைசா. எல்லாம் அலுமினியம். தண்ணீரில் போட்டால் மிதக்குமோ என்று தோன்றும், அவ்வளவு லேசு. அந்தக் காசு ஒன்றுக்கு ஒன்று என்று கொடுக்கும்படிதான் கமர்கட்டை உருட்டினார்கள், எலந்தவடையைத் தட்டினார்கள். காசுக்கு மதிப்பு போகப் போக மிட்டாயும் இளைத்தது, கடைசியில் கடையை விட்டே போனது. 2011 ஜூன் 30ஆம் தேதியோடு 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் செல்லாமல் போயின. இன்று தேன்மிட்டாயைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து "நாட்டுத் தின்பண்டம்" என்று விற்கிறார்கள். ஒரு மிட்டாயை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடும் குழந்தைக்கு அந்தக் கடையில் இடம் இல்லை.

கம்பெனி மிட்டாய்களும் பக்கத்து ஊர்க் கதைதான். நியூட்ரின் 1952இல் சித்தூரில் தொடங்கியது. இங்கிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் போய்விடலாம். பாரி கம்பெனியின் காஃபி பைட் வந்தபோது, "இது காபியா, டாஃபியா" என்று வகுப்பில் நீங்கள் போட்ட சண்டை எனக்கு மறக்கவில்லை.

"கலர் குடிக்கிறியா?" என்று இப்போது யாராவது கேட்டால் உங்கள் பிள்ளைகளுக்குப் புரியுமா? நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால்தான் கலர். காளிமார்க் கம்பெனியை 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கினார். பொவன்டோ 1958இல் வந்தது. கோலி சோடா பாட்டில் நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறீர்கள். அது ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் உரிமை வாங்கிய பாட்டில். அவர் ஊரில் அது மறைந்து போனது. நம் ஊரில் வண்டி வண்டியாக ஓடியது. 1977இல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போனது. அடுத்த பதினாறு வருஷம் கோல்ட் ஸ்பாட், தம்ஸ் அப், லிம்காவோடு நம் காளிமார்க்கும் கல்யாண வீடுகளை ஆண்டது. 1993இல் கோகோ கோலா திரும்பி வந்து பார்லே கம்பெனியின் அந்தப் பானங்களை வாங்கிவிட்டது. கோல்ட் ஸ்பாட் கொஞ்ச காலத்தில் காணாமல் போனது. நீங்கள் குழுவில் தேடிக்கொண்டிருந்த ஆரஞ்சு ருசி அப்படித்தான் போனது.

ஐஸ் வண்டியை மறந்தால் என்னை விடமாட்டீர்கள். ஆர்.ஜி. சந்திரமோகன் 1970இல் ராயபுரத்தில் ஒரு சின்ன இடத்தில், 13,000 ரூபாய் முதலில் குச்சி ஐஸ் செய்யத் தொடங்கினார். தள்ளுவண்டியில் போய் விற்ற அந்தக் குச்சி ஐஸ்தான் பிறகு அருண் ஐஸ்கிரீம் ஆனது. நம் பள்ளி வாசலுக்கு வந்தவர் கம்பெனி பெயர் எதுவும் இல்லாத மரப்பெட்டிக்காரர். பால் ஐஸ், சேமியா ஐஸ், பெட்டியின் மூடியை "டக் டக்" என்று தட்டும் சத்தம். கணக்குப் பாடத்தின் நடுவில் அந்தச் சத்தம் கேட்டால் ஏழாம் வாய்ப்பாடு எல்லாம் ஐஸோடு கரைந்துவிடும்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். காசு இல்லாத பிள்ளை என்ன செய்தது? காக்கா கடி! சட்டை நுனியால் கமர்கட்டை மூடி, துணிக்கு மேலே "கடக்" என்று ஒரு கடி. எச்சில் படவில்லை, ஆளுக்குப் பாதி. உங்களில் எத்தனை பேர் சட்டை நுனி வெல்லப்பாகாக இருக்கும்! "எச்சில்" என்ற பேச்சை வைத்து ஒருவரை ஒருவர் தள்ளி வைக்கப் பழகிய ஊரில், பகிர்ந்து தின்ன ஒரு வழியைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். எந்தப் பாடப் புத்தகமும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பழசு எல்லாம் நல்லது என்று எழுதாதீர்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது நினைவிருக்கும். அதில் ரோடமின் பி என்ற சாயம் இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. அது துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம். நாம் நாக்கை நீட்டி நீட்டிக் காட்டிய ரோஸ் கலரில் எது எது கலந்திருந்ததோ! மிட்டாய் செய்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. மலிவாக விற்க வேண்டும் என்றால் மலிவான சாயம்தான் கைக்கு வரும்.

துணிச் சாயம் என்று சொல்லிவிட்டேன். பெல் அடித்தாயிற்று. அடுத்த பீரியடுக்குப் போவோம்.

இரண்டாம் பீரியட்: உடுப்பு

நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அண்ணன்மார்கள் பெல்பாட்டம் போட்டார்கள். அது தெருவைப் பெருக்கிக்கொண்டே போகும். நீங்கள் படிக்கும்போது பேகி. இரண்டையும் கேலி செய்தாயிற்று. பெண் பிள்ளைகள் பக்கம் பார்த்தால் 1985இல் "பூவே பூச்சூடவா" வந்தது. நதியா வளையல், நதியா கம்மல், நதியா கொண்டை. வளையல் கடையில் பெயர் சொல்லித்தான் கேட்பீர்கள். 1991இல் "சின்னத்தம்பி". பிறகு எல்லாவற்றுக்கும் குஷ்பு பெயர், இட்லி உட்பட.

பெரிய மாற்றம் இவை எதுவும் இல்லை. தாவணி போய்ச் சுடிதார் வந்ததுதான் பெரிய மாற்றம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வயசுக்கு வந்த பெண் என்றால் பாவாடை தாவணி. சுடிதார் போட்டால் வீட்டில் ஒரு சண்டை நிச்சயம். "வடக்கத்தி டிரஸ்" என்பார்கள். ஆனால் அந்த உடையில்தான் நம் பெண்கள் சைக்கிள் மிதித்தார்கள், ஓடுகிற பஸ்ஸில் ஏறினார்கள், எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனார்கள். சைக்கிளும் நம் ஊர்ச் சரக்குதான். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கிய கம்பெனி, அம்பத்தூரில்தான் தொழிற்சாலை. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் இங்கிருந்து போனவை.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. லேத், வார்ப்பு, ரப்பர் என்று ஆண்கள் வேலையாக இருந்த இடத்தில் பிறகு ஆயத்த ஆடைக் கம்பெனிகள் வந்தன. நாம் எல்லோரும் சொல்வது "எக்ஸ்போர்ட் கம்பெனி". உங்களில் பலருடைய அம்மா, அக்கா அங்கே டெய்லராக, செக்கிங்கில், நூல் வெட்டும் ஹெல்பராக வேலை பார்த்தார்கள். காலையில் தூக்குவாளியோடு கூட்டமாக நடந்து போவார்கள். அவர்கள் தைத்த சட்டை கப்பல் ஏறியது. தையல் கொஞ்சம் கோணலாகப் போனதை "எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்" என்று பிளாட்பாரத்தில் போட்டு விற்றார்கள். நீங்கள் வெளிநாட்டு லேபிளைக் காட்டிப் பெருமை அடித்த சட்டை, பக்கத்துத் தெரு அக்கா தைத்ததாகக்கூட இருக்கலாம்!

வெளிநாட்டார் நம் துணியைத் தேடுவது இன்று நேற்று வந்தது இல்லை. "மெட்ராஸ்" என்றால் உலகத்தில் பல ஊர்களில் அது ஊர்ப் பெயர் இல்லை, கட்டம் போட்ட ஒரு துணியின் பெயர். நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் "ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்" என்ற நம் கைத்தறித் துணியைப் பல தலைமுறையாகத் தங்கள் சடங்குகளுக்கு உடுத்துகிறார்கள். அசல் துணியா போலியா என்று அவர்கள் பார்க்கும் வழிகளில் ஒன்று, முகர்ந்து பார்ப்பது! சாயத்தின் வாசனையும் கஞ்சியின் வாசனையும் இருந்தால்தான் அசல்.

அமெரிக்கக் கதை இன்னும் வேடிக்கை. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற வியாபாரி கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் பத்தாயிரம் கஜம் மெட்ராஸ் துணி வாங்கி, புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய கடைக்கு விற்றார். பச்சைத் தண்ணீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்று நாயர் சொல்லி அனுப்பியதை வாங்கியவர்களிடம் சொல்ல விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், வாஷிங் மெஷினில் போட்ட சட்டை எல்லாம் சாயம் போய் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டது. வழக்கு வரும் நிலைமை. கடைசியில் அந்தக் குறையையே பெருமையாக்கிவிட்டார்கள். "செவன்டீன்" என்ற இளம்பெண்கள் பத்திரிகையில் கட்டுரை வந்தது. ஒவ்வொரு சலவைக்கும் புது நிறம் காட்டும் அதிசயத் துணி, சாயம் போவது உறுதி என்று விளம்பரம்! 1960களில் அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதுதான் ஃபேஷன். இங்கே நம் அம்மாக்கள் சாயம் போன துணியைக் கடைக்காரர் முகத்தில் விட்டெறிந்துகொண்டிருந்தார்கள். ஒரே துணிதான். உடுத்துகிற ஆளைப் பொறுத்து அது ஃபேஷன் ஆகிறது, இல்லையென்றால் ஏழ்மை ஆகிறது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பீரியடில் தேவைப்படும்.

மூன்றாம் பீரியட்: வாசனை

கண் பார்ப்பதும் காது கேட்பதும் மூளையில் ஓர் இடம் மாறித்தான் போகும். மூக்கு வாங்கும் செய்தி மட்டும் உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளுக்கு நேராகப் போய்விடும். அதனால்தான் பெயர் மறந்த பிள்ளையின் பவுடர் வாசனை மட்டும் உங்களுக்கு மறக்கவில்லை.

அந்த நாளில் கண்ணை மூடிக்கொண்டு பாடியிலிருந்து அம்பத்தூர் ஓ.டி. வரை பஸ்ஸில் வந்தாலும் இடம் தெரியும். பாடியில் பிரிட்டானியா. ஓவனில் பிஸ்கட் வேகும்போது வெண்ணெயும் சர்க்கரையும் கருகாமல் சிவக்கிற வாசனை. மாவில் உள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேரும்போது வரும் அந்த வாசனைக்கான காரணத்தை மயார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912இல் எழுதினார். அவருக்குத் தெரியாது, பஸ்ஸில் நின்றுகொண்டு வரும் பாதிப் பேருக்கு அந்த நேரத்தில் வயிறு காலி என்று! பஸ் நிறுத்தத்துக்கு இன்றும் பிரிட்டானியா என்றுதான் பெயர். எஸ்டேட் பக்கம் வந்தால் இரும்பு, கிரீஸ், வார்ப்படச் சூடு. இந்தப் பக்கம் டன்லப். 1959இல் வந்த தொழிற்சாலை. ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்து வேகவைக்கும் காட்டமான வாசனை. பிறகு அந்தத் தொழிற்சாலை மூடுவதும் திறப்பதுமாக இருந்து, கடைசியில் மூடியே போனது. நிறுத்தத்தின் பெயர் மட்டும் நிற்கிறது. ஆவின் பால் பண்ணைப் பக்கம் பால் காயும் வாசனை.

இவை ஊருக்குச் சும்மா கிடைத்த வாசனைகள். காசு கொடுத்து வாங்கியவை வேறு.

மைசூர் சாண்டல் சோப் 1916இல் பிறந்தது போரினால். முதல் உலகப் போரில் மைசூர்ச் சந்தனத்தை ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாமல் தேங்கியது. அதை எண்ணெயாக எடுத்து, சோப்பிலும் சேர்க்க மைசூர் அரசே தொழிற்சாலை வைத்தது. மகாராஜா வீட்டு வாசனை நம் வீட்டுக்கு வந்தது தீபாவளிக்கு ஒரு தடவை. மற்ற நாளெல்லாம் ஹமாம் அல்லது லைஃப்பாய், அதையும் நூல் போட்டு இரண்டாக அறுத்துத்தான் வெளியே எடுப்பார்கள். பவுடர் என்றால் பாண்ட்ஸ், குட்டிகூரா, கோகுல் சாண்டல். பாண்ட்ஸ் நம் பல்லாவரத்துத் தொழிற்சாலைச் சரக்கு. அங்கேயும் பஸ் நிறுத்தத்துக்கு அதே பெயர். "மாவு மில்லில் இருந்து நேரா வந்த மாதிரி" என்று ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டீர்களே, அந்தப் பவுடரை ஏன் அவ்வளவு அப்பினீர்கள் என்று யோசித்தீர்களா? வாசனைக்கு மட்டும் இல்லை. கறுப்பாக இருக்கிறோம் என்ற பயம். ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது. 2020இல்தான் "ஃபேர்" என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பெயரை மாற்றினார்கள். நடுவில் நாற்பத்தைந்து வருஷம். அத்தனை வருஷமும் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்த கறுப்புப் பெண் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் இந்த வாரம் பவுடர் ஜோக் போடவில்லை.

ஷாம்புக் கதை நம் கடலூர்க் கதை. அதுவரை ஷாம்பு என்றால் பாட்டில், பாட்டில் என்றால் பணக்கார வீடு. நமக்குச் சீயக்காய். கடலூர் சின்னிகிருஷ்ணன், வசதியானவர்கள் பயன்படுத்தும் பொருள் கூலி வேலை செய்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்று நினைத்துச் சின்னப் பாக்கெட்டுகளில் அடைத்துப் பார்த்தவர். அவர் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து தனியே வந்த மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பு தொடங்கினார். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார். பிறகு ஐந்தும் சிக் பாக்கெட்டாக இருந்தால்தான் என்று மாற்றினார். குப்பையில் காலிப் பாக்கெட் பொறுக்கிய நம் வகுப்பு வீரர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்! மல்லிகை வாசனை, ரோஜா வாசனை. பின்னாளில் 50 காசுப் பாக்கெட்டும் வந்தது. பூ வாங்கக் காசு இல்லாத வீட்டுப் பெண்ணின் தலையிலும் வெள்ளிக்கிழமை மல்லிகை மணந்தது. அந்தப் பாக்கெட்டுகள் சாக்கடையையும் நம் ஏரிகளையும் அடைத்தது வேறு கதை. அதையும் மறக்கக் கூடாது. ஆனால் வாசனை விஷயத்தில் ஒரு சின்ன சமத்துவம் வந்தது அந்த அரை ரூபாயால்தான்.

பையன்கள் பக்கம் பர்மா பஜார் சென்ட், துபாய் மாமா கொண்டுவந்த ஸ்ப்ரே. ஒரு பாட்டிலை ஒரு தெருவே அடித்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போகும். 1999இல் ஆக்ஸ் வந்த பிறகு பஸ்ஸில் மூச்சு விட முடியவில்லை. அதைப் பற்றி நீங்களே போதுமான அளவு எழுதிவிட்டீர்கள்.

இனி நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்த காரணம்.

பட்டியல் போடும்போது ஒருவனைப் பற்றி, "உன் பக்கத்துல உக்காந்தா சைக்கிள் கடையில உக்காந்த மாதிரி இருக்கும்டா" என்று எழுதினீர்கள். அவனும் சிரிக்கிற பொம்மை போட்டான். ராத்திரி எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் வந்தது. அவன் அனுமதி கேட்டு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

"டீச்சர், அப்பா லேத்துல இருந்தார். ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் கையை மண்ணெண்ணெய்ல கழுவி, அப்புறம் சோப்பு போட்டு, அதுக்கப்புறம்தான் எங்களைத் தொடுவார். எங்களுக்கு ஒரே ரூம். அவர் சட்டையும் என் யூனிஃபார்மும் ஒரே வாளியில ஊறும், ஒரே கொடியில காயும். அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. எங்கயாவது அந்த வாசனை வந்தா நான் நின்னுடுறேன் டீச்சர்."

அவ்வளவுதான் எழுதியிருந்தான். யார் மேலும் குறை சொல்லவில்லை. நானும் யாரையும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் எழுதியது விளையாட்டுக்குத்தான் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

லேத்தில் இரும்பைக் கடையும்போது உளி சூடாகாமல் இருக்க, எண்ணெயைத் தண்ணீரில் கலந்து பால் மாதிரி வெள்ளையாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கட்டிங் ஆயில் என்பார்கள். அது தெறித்துச் சட்டையில் ஊறிவிட்டால் எத்தனை சோப்பு போட்டாலும் முழுசாகப் போகாது. நம் தொழிற்பேட்டையில் இருந்து போன பாகங்கள் எத்தனை வண்டிகளில் ஓடுகின்றன! அந்த வாசனை இல்லாமல் அவை எதுவும் இல்லை. நீங்கள் ஏங்குகிற பிரிட்டானியா வாசனையும் ஒருவருடைய அப்பா ஓவன் சூட்டில் நின்றதால் வந்ததுதான். பாண்ட்ஸ் வாசனையோடு யாரோ ஒரு அம்மா பல்லாவரத்தில் இருந்து வீட்டுக்குப் போயிருப்பார். டன்லப்பில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் ரப்பர் வாசனை. பிஸ்கட்டுக்கும் பவுடருக்கும் நாம் ஏங்குகிறோம், ரப்பருக்கும் கிரீஸுக்கும் மூக்கைப் பொத்துகிறோம். நான்கும் வேலை செய்த உடம்பில் ஒட்டிய வாசனைதான். மெட்ராஸ் துணிக் கதையை மனதில் வைக்கச் சொன்னேனே, இதற்காகத்தான்.

ஒரு வாசனையை யாருமே குறிப்பிடவில்லை. 1982 ஜூலை 1ஆம் தேதி சத்துணவுத் திட்டம் தொடங்கியது, அந்த வருஷமே நகரப் பள்ளிகளுக்கும் வந்தது. காலை பத்தரை மணிக்குச் சாம்பார் கொதிக்கும் வாசனை வகுப்புக்குள் வரும். வீட்டில் காலைச் சாப்பாடு இல்லாமல் வந்த பிள்ளைகளின் முகம் அப்போது மாறும். கரும்பலகைப் பக்கம் நின்று பார்த்த எனக்குத் தெரியும். அதே 1980களில் அந்தப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடையும் வந்தது. தட்டு எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் இன்று நம் குழுவில் பலர் இருக்கிறீர்கள். ஒருவரும் அதை எழுதவில்லை. ஏன் கூச்சம்? தேன்மிட்டாயைவிடப் பெரிய வரலாறு அந்தச் சாம்பார்.

வீட்டுப்பாடம்

கேலியை நிறுத்தச் சொல்லவில்லை. கேலி இல்லாத வகுப்பு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும். ஒன்று மட்டும் செய்யுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒவ்வொருவரும் நான்கு வரி எழுதிக் குழுவில் போட வேண்டும். உங்கள் அப்பாவோ அம்மாவோ என்ன வேலை பார்த்தார்கள், எந்தக் கம்பெனி, எத்தனை மணிக்கு ஷிப்ட், வீட்டுக்கு வரும்போது அவர்கள் மேல் என்ன வாசனை. உயிரோடு இருப்பவர்களிடம் நேராகக் கேட்டு எழுதுங்கள். மிட்டாய் செய்தவர்கள், ஐஸ் வண்டிக்காரர்கள், எக்ஸ்போர்ட் அக்காமார் உங்கள் தெருவில் இன்னும் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். அவர்களுக்கு வயசாகிறது. கம்பெனிகளின் வரலாற்றைக் கம்பெனிகள் எழுதிக்கொள்ளும். இவர்களுடையதை நாம் எழுதாவிட்டால் யாரும் எழுதப் போவதில்லை.

எழுத்துப் பிழை இருந்தால் மார்க் குறைப்பேன். சிரிக்கிற பொம்மை மட்டும் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் முட்டி போட வேண்டும், வயசு ஐம்பது ஆனாலும் விடமாட்டேன்!

எல்லோரும் நன்றாக இருங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்,
அம்பத்தூர்.